உடையாத மூன்று கண்ணாடிகள்

பிப்ரவரி 11, செவ்வாய்

எட்டாம் செமஸ்டர் சிவில் மாணவர்களுக்குப் பேரிடர் மேலாண்மை. கால அட்டவணையில் மதியம் இரண்டு மணி என்று போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பத்திரண்டு பேர் முன்னால் நின்று நிலநடுக்கம் பற்றிப் பேசினேன். சில தலைகள் அசைந்தன. தூக்கத்தில்.

பாடத்தில் மூன்று பகுதி: பேரிடருக்கு முன், பேரிடரின்போது, பேரிடருக்குப் பின். ‘முன்’ பகுதியிலிருந்து பரீட்சையில் கேள்வி குறைவு. அதனால் மாணவர்கள் அதைப் படிப்பதில்லை. பெரிய பதவிக்கு இவர்கள் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 15, சனி

கொச்சியில் கொச்சங்காடி. மழைக்கு முன்னால் பழைய கிடங்குகளைப் பார்த்து அறிக்கை தரச்சொல்லிக் கல்லூரிக்குக் கடிதம் வந்திருக்கிறது. மட்டாஞ்சேரியில் வீடு இருப்பதால் வேலை என் தலையில். கூடவே ஆறு மாணவர்கள். ஆளுக்கொரு படிவம்: சுவர், கூரை, அடித்தளம், வெடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எண். கூட்டினால் பச்சை, மஞ்சள் அல்லது சிவப்பு. பச்சை என்றால் இருக்கலாம். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டு இருக்கலாம். சிவப்பு என்றால் காலி செய்துவிட்டு இறங்க வேண்டும்.

பதினேழு கிடங்குகள். பதினாறில் சுக்கு வாசனை மட்டும் குடியிருக்கிறது. பதினேழாவதின் மாடியில் பதினோரு குடும்பங்கள், முப்பத்தொரு பேர். எல்லோரும் ஆண்டிப்பட்டிப் பக்கம். சாக்குப் படுதாதான் சுவர்.

பின்சுவர் வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும். வெளிப்பக்கம் லேசாக வயிறு தள்ளியிருக்கிறது. மாடிப்படியை ஒட்டிக் கோணலாக ஒரு வெடிப்பு, பென்சில் முனை நுழையும் அளவு. ஷபானா (வகுப்பில் விழித்திருக்கும் ஒரே பெண்) கூட்டிப் பார்த்தாள். சிவப்புக்கு இரண்டு எண் குறைவு. மஞ்சள்.

மாயம்மாள் என்று ஓர் அம்மாள், மார்க்கெட் வாசலில் காலையில் இட்லிக் கடை போடுகிறவள், படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

“எதுக்கு சாரே எழுதுறீக?”

“உங்க நல்லதுக்குத்தான்.”

“எழுதிட்டுப் போனவுக ஆரும் இதுவரைக்கும் வேற மாதிரி சொன்னதில்ல” என்றாள். சாயா கொடுத்தாள். நல்ல சாயா.

பிப்ரவரி 18, செவ்வாய்

கிடங்கு முதலாளியின் மேனேஜர் சுதீர் கல்லூரிக்கே வந்துவிட்டார். அறிக்கை இன்னும் என் மேஜையை விட்டுப் போகவில்லை, எண் அவருக்குத் தெரிந்திருக்கிறது. முன்னெச்சரிக்கை என்றால் இதுதான்.

“ரெண்டு நம்பர் அல்லே ஸாரே, ஒண்ணு சிவப்பாக்கித் தரணும். ஒரு ஒப்பு மதி.” ஒரு கையெழுத்துப் போதுமாம்.

மாடிக்காரர்கள் பதினாலு வருஷமாக இருக்கிறார்கள், சொன்னால் இறங்கமாட்டார்கள், கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில் தீர்ப்பு வரும். அபாயமான கட்டடம் என்று என்னைப்போல் ஒருவர் கையெழுத்துப் போட்டால் ஒரே வாரத்தில் இறக்கிவிடலாமாம். முதலாளிக்கு அங்கே ஹோம்ஸ்டே கட்ட மனசு.

முடியாது என்றேன். மஞ்சள் மஞ்சள்தான். அவர் போன பிறகு வெகுநேரம் என் நேர்மையை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதி வைப்பது நல்லது. பின்னால் தேவைப்படலாம்.

மார்ச் 1, சனி

மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். எனவே கண்ணாடி. பழைய முறை, ஆனால் பொய் சொல்லாத முறை. வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை வைத்து இரு முனையையும் சிமெண்டால் பூசிவிட வேண்டும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நகராத வரை உடையாது.

மூன்று பட்டை, நான்கு மில்லிமீட்டர் கனம், மூன்று இடத்தில். ஒவ்வொன்றிலும் என் கையால் தேதி எழுதினேன். எல்லோரையும் கூப்பிட்டு விளக்கினேன். ஒன்று உடைந்தாலும் எனக்குப் போன் செய்ய வேண்டும், எல்லோரும் உடனே இறங்கிவிட வேண்டும்.

மாயம்மாளின் மகன் பாண்டியராஜன், யூதர் தெருவான ஜூ டவுனில் படச்சட்டம் போடும் கடையில் வேலை, பட்டையைத் தடவிப் பார்த்தான். “ஜன்னல் கண்ணாடியா சாரே?” என்று மட்டும் கேட்டான். தொழில்காரனுக்கு ஆர்வம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 8, சனி

மூன்றும் முழுசாக இருக்கின்றன.

மார்ச் 15, சனி

மூன்றும் முழுசு. சாயா.

மார்ச் 21, வெள்ளி

கல்லூரியில் பேரிடர் ஒத்திகை. பதினொரு மணிக்குச் சங்கு. பதினொன்றேகாலுக்கு எல்லோரும் கூடுமிடத்தில் கூட வேண்டும். கூடுமிடத்தில் பந்தல் போட்டுப் புதிய நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள், அங்கே யாரும் நிற்கக்கூடாது என்று காவலாளி விரட்டினார். ஆகவே எல்லோரும் கேன்டீனில் கூடினோம். உயிர்ச்சேதம் இல்லை. பழம்பொரி தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 12, சனி

நேற்று கோடை மழை, நல்ல இடி. காலையில் முதல் வேலையாகப் போனேன். மூன்றும் முழுசு! வெடிப்பு மட்டும் கண்ணுக்குச் சற்று அகலமாகத் தெரிந்தது. ஈரமான சுவரில் நிழல் அப்படிக் காட்டும். கண்ணாடி முழுசாக இருக்கும்போது கண்ணை நம்பக்கூடாது என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 26, சனி

கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன்: மக்கள் பங்கேற்புடன் வெடிப்புக் கண்காணிப்பு. எட்டு வாரம், மூன்று கண்ணாடி, ஒரு கீறல் இல்லை. மாயம்மாள் சிரித்தபடி கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கும் படத்துக்குக் கைதட்டல். இவ்வளவு ஒத்துழைக்கும் மக்களைப் பார்த்ததில்லை என்றார் தலைமை தாங்கியவர். நானும்தான்.

வீட்டில் சொன்னேன். மனைவி பாக்கியம் கருவேப்பிலையை உருவிக்கொண்டே, “ஏன்னா, மழை பேஞ்சா நம்மாத்துக் கதவே வீங்கிடறது. அந்தக் கண்ணாடி மட்டும் ஒண்ணும் ஆறதில்லையாக்கும்?” என்றாள்.

கதவு மரம், அது வேறு என்று விளக்கினேன்.

மே 17, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஷபானாவும் வந்தாள். ப்ராஜெக்ட் அறிக்கைக்கு எல்லாவற்றையும் ஒருமுறை அளந்துவிடலாம் என்று வெர்னியர் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடியின் விளிம்பில் வைத்துப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள்.

“ஸாரே, நம்ம ஒட்டினது நாலு மில்லி அல்லே?”

“நாலு.”

“இது ரெண்டு.”

இரண்டு மில்லிமீட்டர். படச்சட்டக் கண்ணாடி. மூன்றுமே. மேலே 1-3 என்று தேதி, என் கையெழுத்தில். என் மூன்றுக்குத் தலை தட்டையாக இருக்கும். அதைக்கூட விடவில்லை.

பாண்டியராஜன் மறைக்கவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். உடைந்த கண்ணாடிகள், ஒவ்வொன்றும் தாளில் மடித்து, தாளின் மேல் தேதி. மார்ச் 19, ஏப்ரல் 11, ஏப்ரல் 25, மே 6, மே 13. முதலில் இருபத்துமூன்று நாள் இடைவெளி. கடைசியில் ஏழு.

அதாவது நான் கைதட்டல் வாங்கிய நாளுக்கு முந்தைய நாள் ஒன்று உடைந்திருக்கிறது.

“ஏம்ப்பா?” என்றேன்.

“கண்ணாடி ஒடஞ்சா எல்லாரும் எறங்கணும்னு சொன்னீக. எறங்கி எங்க போறதுன்னு சொல்லல.”

“போன் பண்ணச் சொன்னேனே?”

“பண்ணுனா நீங்க செவப்புப் போடணும். போடாம இருப்பீகளா சாரே? நீங்க அப்படிப்பட்ட ஆளில்லன்னு சுதீர் சேட்டன் எங்ககிட்டயே சொன்னாரு.”

மாயம்மாள் குறுக்கே வந்தாள். “சும்மா ஒண்ணும் இருக்கல. பாருங்க” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். பின்சுவரை ஒட்டி இரண்டு கட்டில் தூரத்துக்கு ஒன்றுமே இல்லை. ஏப்ரலிலிருந்து அந்தப் பக்கம் யாரும் படுப்பதில்லை. பிள்ளைகளெல்லாம் தெருப்பக்கம். தண்ணீர்க் குடங்களை முன்பக்கம் மாற்றிவிட்டார்கள், பாரம் குறையட்டும் என்று. மழை பலத்தால் விடியும்வரை ஆள் மாற்றி ஆள் விழித்திருக்கிறார்கள்.

இதைத்தான் இரண்டாம் அலகில் பத்து வகுப்பு எடுத்து நடத்துகிறேன்.

“சொவரு விழுந்தா ஒரு நா கஷ்டம் சாரே. எறக்கி விட்டா தெனமும். எதுக்கு எத்தன மார்க்குன்னு நீங்கதான் சொல்லணும்” என்றாள் மாயம்மாள். கேலியாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். சாயா வந்தது. குடித்தேன். எப்படிக் குடித்தேன்?

மே 18, ஞாயிறு

தேதிகளை வரைபடத் தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். குழந்தைக்கும் புரியும் வளைவு. இந்த ஊரில் எந்த நிறுவனத்திடமும் ஒரு சுவரைப் பற்றி இவ்வளவு சுத்தமான பதிவு இருக்காது. இரண்டு வாரத்தில் மழை தொடங்கும்.

மே 19, திங்கள்

வருவாய் அலுவலகத்துக்குப் போனேன். முப்பத்தொரு பேருக்கு மழைக்காலம் முடியும்வரை தங்க இடம் வேண்டும் என்றேன். அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

“முகாம் திறக்கலாமே, அதுக்கென்ன. எப்ப விழுந்தது?”

“இன்னும் விழவில்லை.”

“வெள்ளம் கேறியிட்டுண்டா?”

“இல்லை, தண்ணீரும் ஏறவில்லை.”

பேனாவை மூடி வைத்தார். விழுந்தால் உடனே போன் செய்யச் சொல்லித் தன் சொந்த எண்ணைக் கொடுத்தார். அரை மணியில் பாயும் கஞ்சியும் வந்துவிடுமாம். பொய் சொல்லவில்லை. வந்துவிடும்.

மே 20, செவ்வாய்

கல்லூரி முதல்வரிடம் கருத்தரங்கக் கூடத்தைக் கேட்டேன். விடுமுறைதானே, ஜூலை வரை காலி. “வெங்கிடாசலம் ஸார், மனசெல்லாம் உங்க பக்கம்தான். ஆனா ஜூன்ல அங்க தேசியக் கருத்தரங்கு இருக்கே” என்றார். என்ன தலைப்பு என்று கேட்டிருக்கக் கூடாது. பேரிடர் ஆயத்தநிலை.

சாயங்காலம் சுதீரிடம். பின்சுவருக்கு இரும்பு முட்டுக் கொடுங்கள், மூன்று வார வேலை, யாரும் இறங்க வேண்டாம் என்றேன். ஆள் இருக்கும் கட்டடத்தில் பணி எடுக்க முதலாளி சம்மதிக்கமாட்டார், இறங்கட்டும், சரிசெய்த பிறகு திரும்பி வரட்டும் என்றார்.

“அதை எழுதித் தர முடியுமா?”

“எழுத்து எந்தினா ஸாரே? நம்மளெல்லாம் இவிடத்துக்காரங்க அல்லே!” என்று தோளைத் தட்டினார். என் ஒப்பு வேண்டியபோது வாய்ச்சொல் அவருக்குப் போதவில்லை.

சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கியம் கேட்டுக்கொண்டே மோர் ஊற்றினாள். பிறகு, “நம்ம மாடி காலியாத்தானே கெடக்கு?” என்றாள்.

காலி இல்லை. எட்டு அலமாரி புத்தகம் இருக்கிறது. மேலும் பழைய மரத்தளம், முப்பத்தொரு பேர் பாரத்துக்குக் கணக்குப் போட வேண்டும் என்றேன்.

“முப்பத்தொரு பேரையா சொன்னேன்?” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மே 21, புதன்

மழை. மூன்று தடவை போய்ப் பார்த்தேன். மூன்றாம் தடவை மாயம்மாள், “நீங்க நின்னா சொவரு நிக்கும்னா நில்லுங்க, இல்லாட்டி வீட்டுக்குப் போங்க சாரே, சளி பிடிக்கும்” என்றாள்.

மே 22, வியாழன்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். சிவப்பு.

அறிக்கைக்கு ஆதாரம் வேண்டும். என்னிடம் இருந்தது எட்டு வாரம் முழுசாக இருந்த கண்ணாடிகளின் புகைப்படம். உண்மையான ஆதாரம் பிஸ்கட் டப்பாவில். கேட்டேன். பாண்டியராஜன் டப்பாவைக் கையில் எடுத்தான்.

“எங்கள எறக்கவா சாரே?”

ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

கொடுத்தான். “டப்பா அம்மாவோடது. திருப்பிக் குடுத்துருங்க.”

மாயம்மாள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். “நீங்க என்ன செய்வீக, ஒங்க வேல அது” என்றாள். அவ்வளவுதான். என் வேலை அதுதானா?

மே 30, வெள்ளி

இறக்கிவிட்டார்கள். இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு வேன், சுதீர் குடை பிடித்துக்கொண்டு. யாரும் கத்தவில்லை. கீழே இறங்கிய சாமான்கள் தெருவில் நனைந்தன. ஒரு சின்னப் பெண் மாடிப்படிப் பக்கத்துக் கண்ணாடிப் பட்டைக்கு எதிரே நின்று தலை சீவிக்கொண்டு வந்தாள். அதில் முகம் தெரியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

விழவில்லை, வெள்ளமும் இல்லை, எனவே முகாமும் இல்லை. ஆறு குடும்பம் ஆண்டிப்பட்டிக்கே ரயிலேறிவிட்டது. நாலு குடும்பம் கிடைத்த இடத்துக்கு. மாயம்மாள், பாண்டியராஜன், அவன் மனைவி பொன்மணி, இரண்டு பிள்ளைகள், ஐந்து பேரும் கொச்சிக்கு வடக்கே ஏலூருக்கு. தெரிந்தவர் ஒருவர் ஆற்றோரமாக ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறாராம்.

ஆற்றோரமாக.

ஜூன் 2, திங்கள்

டப்பாவைத் திருப்பிக் கேட்டேன். கோப்போடு சேர்த்துத் தைத்துவிட்டார்களாம். டப்பாவை எப்படித் தைத்தார்கள் என்று கேட்டேன். துணிப்பையில் போட்டுப் பையைத் தைத்தார்களாம். இணைப்பு 4.

ஜூன் 14, சனி

கிடங்கில் இரும்பு முட்டு நிற்கிறது. எட்டே நாளில் நிறுத்திவிட்டார்கள். நான் மூன்று வாரம் என்று சொல்லியிருந்தேன். மதிப்பீட்டில் பிழை.

ஜூன் 28, சனி

இரண்டு வாரமாகக் கொட்டுகிறது. சுவர் நிற்கிறது. தினமும் அந்த வழியாகப் போய்ப் பார்க்கிறேன். அது விழ வேண்டும் என்று நான் விரும்புகிறேனா? இன்று ஒரு நொடி விரும்பினேன். விழுந்த சுவரைப் பற்றி எழுதியவன் நிபுணன். விழாத சுவரைப் பற்றி எழுதியவன் முதலாளியின் ஆள். மார்க்கெட்டில் தேங்காய் விற்கும் அம்மாள், மாயம்மாளின் சிநேகிதி, நேற்று எனக்குச் சில்லறை தரும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 12, சனி

ஜூ டவுனில் பாண்டியராஜனைப் பார்த்தேன். ஏலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறான். கிடங்கு ஹோம்ஸ்டேக்காக நாற்பது பழைய படங்களுக்குச் சட்டம் போடுகிறான். ஆர்டர் சுதீர் சேட்டனுடையதாம். “கண்ணாடி ரெண்டு மில்லி போதும்னுட்டாரு சாரே” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டேன். ஏலூரில் இட்லிக்கு இன்னும் இடம் அமையவில்லை.

ஜூலை 26, சனி

ஷபானாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆபத்து மதிப்பீட்டு நிறுவனம். சாக்லேட் கொடுத்தாள். போகும்முன், “ஸாரே, நான் அன்னைக்கு அளக்காம இருந்திருந்தா?” என்றாள். நல்ல மாணவி. எனக்குப் பதில் தெரியாத கேள்வியைத்தான் எப்போதும் கேட்பாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாயம்மாள் போன் செய்தாள். முதல் தடவையாக. மார்ச்சில் போன் செய்யச் சொன்னேன், இப்போது செய்கிறாள்.

“சாரே, நல்லாருக்கீகளா? இங்க சொவத்துல ஒரு வெடிப்பும் இல்ல, சுத்தமா இருக்கு. ஆனா வாசப்படி வரைக்கும் தண்ணி வருது. வெடிப்புக்குக் கண்ணாடி ஒட்டுனீகள்ல. தண்ணிக்கு என்ன ஒட்டணும்?”

ஆகஸ்ட் 16, சனி

ஏலூர். ஒரு பக்கம் உரத்தொழிற்சாலைப் புகைக்கூண்டுகள், இன்னொரு பக்கம் பெரியாறு, நடுவில் தகரக் கூரை போட்ட அறைகளின் வரிசை. படிவம் எடுத்துப் போகவில்லை. கூட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒட்ட எதுவும் தேவைப்படவில்லை. பாண்டியராஜன் நிலைக்கதவின் மரத்தில் ஏற்கெனவே கோடு கீறியிருக்கிறான். ஏழு கோடுகள், பக்கத்தில் தேதி. மேலே போகப்போகத் தேதிகள் நெருக்கம். வளைவு எனக்குப் பழகியதுதான்.

மாயம்மாள் சாயா போட்டாள். “எந்தக் கோட்டுக்குத் தண்ணி வந்தா எறங்கணும்னு நீங்களே ஒண்ணு போட்டுருங்க சாரே. இந்தத் தடவ ஏமாத்தமாட்டோம்” என்று பேனாவை நீட்டினாள். பொன்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கோடு போடுவது எளிது. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே. போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாண்டியராஜன் நான் போட்ட கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். இறங்கி எங்கே போவது என்று அவன் மே மாதம் கேட்டது அப்படியே இருந்தது.

கோட்டுக்குப் பக்கத்தில் என் வீட்டு விலாசத்தை எழுதினேன்.

“இதென்ன சாரே, தமிழ்லயா எழுதுறீக? ஆட்டோக்காரன் படிக்கமாட்டான்” என்றான். மலையாளத்திலும் எழுதினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையிலிருந்து மாடியில். புத்தகங்கள் நினைத்ததைவிடக் கனம். ஒரு அலமாரிப் புத்தகத்தின் எடை நாலு பேர் எடைக்கு மேல் வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், தளம் தாங்கும். மே மாதமும் தாங்கியிருக்கும்.

இரண்டு அலமாரி காலி செய்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பாக்கியம் படியில் நின்று ஒவ்வொரு கட்டாகக் கீழே வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று கேட்கவில்லை. மத்தியானம் மட்டும், “எத்தனை பேர்னு சொன்னா பாய் எடுத்து உலர்த்தலாம்” என்றாள்.

ஐந்து என்றேன்.

வெளியே மழை விடவில்லை. இன்னும் ஆறு அலமாரி.